மதராஸ் குதிரைச் சிப்பாய் பொம்மைகள்: மழையூர்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

நெப்போலியன் காலத்து ஐரோப்பியக் குதிரைப்படைகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பொம்மைகள் வருகின்றன. அதே ஆண்டுகளில் ஆர்க்காட்டிலும் அசாயேயிலும் குதிரை ஏறிய மதராஸ் சிப்பாய்க்கு அப்படியொரு பெட்டி எளிதில் அகப்படாது. மேசைப் போர் விளையாட்டில் நம் ஆட்களை இறக்க வேண்டுமானால், கிடைக்கிற ஐரோப்பியப் பொம்மையை வாங்கித் தலையையும் உடுப்பையும் நாமே மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கான சாமானில் பாதிக்கு மேல் வீட்டிலேயே கிடக்கிறது. எங்கள் மலையூரான சித்திரபுரத்து மழைக்கும் மூடுபனிக்கும் ஒத்துவரும் வழிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

1. முதலில் அளவை முடிவு செய்யுங்கள். 28 மில்லிமீட்டர் பொம்மையும், 72-ல் ஒரு பங்கு அளவுப் பொம்மையும்தான் அதிகம் புழங்குபவை. இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால் கண்ணை உறுத்தும். சின்ன அளவு விலை குறைவு, படையைப் பெருக்கலாம். ஆனால் தலைப்பாகை கட்டிப் பழகுகிறவர்களுக்கு 28 மில்லிமீட்டரே நல்லது.

2. சின்ன அளவுப் பொம்மைகள் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அதில் பெவிக்விக் பிடிக்காது, பெயின்ட்டும் உரியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் கலந்த பெவிகாலை மெல்லிசாக ஒரு பூச்சு பூசுங்கள். அதன் மேல் அடிக்கும் பெயின்ட் நிற்கும். கை, தலை மாற்றும் இடங்களில் பசையை நம்பாமல் குண்டூசித் துண்டைச் செருகி இணையுங்கள்.

3. வீட்டுப் பரணில் பழைய ஈயச் சிப்பாய்கள் கிடைத்தால் அவற்றில் கத்தி வைக்காதீர்கள். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் உள்ளே பொள்ளலான ஈயப் பொம்மைகளை வார்த்து விற்றது. அந்தக் காலப் பெயின்ட்டிலும் ஈயம் இருக்கும். ராவினால் தூள் பறக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். புதிய உலோகப் பொம்மையை ராவுவதானாலும் தண்ணீர் தொட்டு, பழைய பேப்பரை விரித்து ராவுங்கள். சமையல் கத்தி, தட்டு எதையும் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. வேலையை மாதம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரே பிரைமர், ஸ்பிரே வார்னிஷ் இரண்டும் ஈரக் காற்றில் வெண்மையாகப் பூத்துவிடும், வண்ணம் மங்கிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மூடுபனி விலகிய நடுப்பகலில், வாசலுக்கு வெளியே நின்று அடிக்கலாம். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் ஸ்பிரே டப்பாவை மூடி வைத்துவிட்டு, வெட்டுவது, ஒட்டுவது, எம்-சீல் வேலை, பிரஷ் வேலை என்று இறங்குங்கள்.

5. மழைக்காலத்தில் காயவைக்க ஒரு பெட்டி: தடித்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சில துளைகள் போட்டு, வெளியிலிருந்து ஒரு மேசை விளக்கின் வெளிச்சம் உள்ளே விழும்படி வையுங்கள். சூடு தரும் பழைய குண்டு பல்பு வேண்டும், எல்.இ.டி. உதவாது. பல்பு அட்டையைத் தொடாமல் ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். அணைக்காமல் வெளியே போகாதீர்கள். கை வைத்தால் இளஞ்சூடாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் குதிரையின் கால் வளைந்துவிடும்.

6. பொம்மைக்காரர்கள் வெளிநாட்டு மாவுகளைச் சொல்வார்கள். நமக்கு ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும். இரண்டு உருண்டைகளையும் சம அளவு கிள்ளி, ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அது தோலில் அரிக்கும். இந்தக் குளிரில் இறுகத் தாமதமாகும். நுணுக்க வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லதுதான்.

7. தலைப்பாகை. படையின் அடையாளம் முழுவதும் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இலகு குதிரைவீரனின் தலையில் மயிர்க்கொண்டை வைத்த தோல் தொப்பி இருக்கும். காது, புருவம், தாடை மூன்றையும் விட்டுவிட்டு அந்தத் தொப்பியைப் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள். உச்சியில் ஊசியால் சிறு குழி குத்தி, மிளகளவு எம்-சீலை அதில் அழுத்தி மண்டை உருவம் கொடுத்து, அரை இறுகல் இறுக விடுங்கள்.

அதன்பின் புதிதாகப் பிசைந்த எம்-சீலைக் கண்ணாடித் துண்டின் மேல் முகப்பவுடர் தூவி, இடியாப்ப இழை போல உருட்டிக்கொள்ளுங்கள். வலது காதுக்கு மேலே தொடங்கி, நெற்றியில் சரிவாக ஏற்றி, பின்மண்டைக்குக் கொண்டுபோய் மறுபடி முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு சுற்று போதும், மூன்றாவது சுற்றினால் தலை கனத்துப் போகும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதை ஒரு மயிரிழை மூட வேண்டும். ஈரம் தொட்ட தையல் ஊசியைப் படுக்க வைத்து இழையின் மேலே மெல்ல அழுத்தினால் துணி மடிப்பு விழும். கூர்முனையால் கீறாதீர்கள். கீறிய கோடு துணியாகத் தெரியாது, கயிறாகத் தெரியும். முனையைப் பின்பக்கம் சொருகி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள்.

8. தலைப்பாகையில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 1806-ல் வேலூர்க் கோட்டையில் அதுவே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் தோல் குஞ்சம் வைத்த புதுவகைத் தலைப்பாகையை அணியச் சொன்னார்கள். நெற்றிக்குறியும் காது வளையமும் அணிவகுப்பில் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; அவர்களை அடக்க ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. ஆகவே கோட்டைப் பக்கத்துச் சிப்பாயைச் செய்கிறவர்கள் அவனுக்குப் பழைய துணித் தலைப்பாகையே கட்டுங்கள். காதில் ஊசிமுனையால் ஒரு பொன் புள்ளி வையுங்கள். நெற்றியில் மூன்று பட்டை இழுக்க இடம் போதாது, வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு தீற்று போதும், திருநீறு என்று கண் புரிந்துகொள்ளும். முஸ்லிம் சிப்பாய்க்குத் தாடி விடுங்கள். இந்தச் சின்னங்கள் இல்லாத வேலூர்ப் பொம்மை அந்த மனிதர்கள் எதற்காகச் செத்தார்களோ அதையே அழித்துவிடுகிறது.

9. வாள் ஒடிந்துவிட்டதா? பழைய மின்கம்பியின் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை ஒரு விரற்கடை வெட்டி, அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். தட்டத் தட்ட அது விறைப்பாகும். பென்சிலைச் சுற்றி லேசாக வளைத்தால் குதிரைப்படை வாளின் வளைவு வந்துவிடும். 1806-ன் கிழக்கிந்தியக் கம்பெனிக் குதிரைச் சிப்பாய்க்கு வாளும் கைத்துப்பாக்கியும்தான். ஈட்டியை மராட்டிய, மைசூர்க் குதிரைவீரர்களுக்குக் கொடுங்கள். அதற்குத் தென்னை ஈர்க்கைச் சீவி நுனியில் மாத்திரை அட்டைத் தகட்டைச் சிறு இலையாக வெட்டி ஒட்டலாம்.

10. தீர்ந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத் தகட்டை உரித்து, இரும்பு ஸ்கேல் வைத்து மெல்லிய நாடாவாக வெட்டினால் கடிவாள வார், வாள் வார், அங்கவடி வார் எல்லாம் அதிலேயே ஆகும். சேணத்துணிக்கு ஈரமான டிஷ்யூ பேப்பரைப் பெவிகாலில் தோய்த்துப் போர்த்துங்கள். காய்ந்தால் துணி மடிப்பு அப்படியே நிற்கும்.

11. சில பெட்டிகளில் குதிரையின் வால் குட்டையாக நறுக்கப்பட்டு இருக்கும். அன்றைய இங்கிலாந்து வழக்கம் அது. நம் நாட்டுக் குதிரைக்கு நீண்ட வால் வேண்டும். தேங்காய் நாரைச் சீப்பால் வாரி, மெல்லிய இழைகளை மட்டும் எடுத்து, பெவிகாலில் நனைத்து முறுக்காமல் சேர்த்து ஒட்டுங்கள்.

12. குதிரை முன்கால் தூக்கி நின்றால் மேலே இருப்பவன் எப்படி உட்காருவான் என்று குழப்பம் வந்தால், ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களின் படத்தை எடுத்துப் பாருங்கள். பாயும் குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களுமாக அந்தச் சிற்பிகள் உடம்பின் சமநிலையைத் துல்லியமாகக் கல்லில் வைத்திருக்கிறார்கள். குதிரை நிமிர நிமிர, வீரனின் இடுப்பு முன்னே வளையும். பொம்மையின் இடுப்பில் பாதி வெட்டு வெட்டி முன்பக்கம் சாய்த்து, இடைவெளியை எம்-சீலால் அடைத்தால் போதும்.

13. பிரைமர் பிரஷால் பூசுகிறவர்கள் சாம்பல் நிறம் எடுங்கள். வெள்ளையில் விட்டுப்போன இடம் பல்லிளிக்கும், கறுப்பில் மஞ்சளும் சிவப்பும் எடுபடாது.

14. பெயின்ட் தட்டு: மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ் ஒன்றில் பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்சை நனைத்து வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, பேப்பரின் மேல் வண்ணத்தைக் குழையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். நம் ஊரில் ஸ்பாஞ்சில் பூஞ்சை சீக்கிரம் வரும். தண்ணீரை அடிக்கடி மாற்றி, வெந்நீரில் அலசுங்கள்.

15. சீருடை நிறத்தில் ஆண்டைக் கவனியுங்கள். அசாயே போர் நடந்த 1803 செப்டம்பர் 23 அன்று தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியுடன் பிரிட்டிஷ் குதிரைப்படையான 19ஆம் இலகு டிராகூன்களும் மதராஸ் நாட்டுக் குதிரைப்படையின் 4, 5, 7ஆம் படைப்பிரிவுகளும் இருந்தன. அன்றைய மதராஸ் குதிரைச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை. 1820-களில் பார்த்தால் அதே படை நீலம் கலந்த வெளிர்சாம்பலுக்கு மாறி, வெள்ளி ஜரிகை வைத்திருக்கும். அந்தச் சாம்பல் நிறத்துக்கு பிரெஞ்ச் கிரே என்று பெயர். தனி டப்பா தேட வேண்டாம். கேம்லின் அல்லது பெவிக்ரில் வெள்ளை நாலு பங்கு, அல்ட்ராமெரைன் நீலம் ஒரு பங்கு, கறுப்பு பல்குத்தும் குச்சி நுனியளவு. ஒரு படைப்பிரிவுக்கு வேண்டியதை மொத்தமாகக் கலந்து சின்ன மருந்துப் புட்டியில் ஊற்றி வையுங்கள். இரண்டாம் முறை கலந்தால் அதே நிறம் வராது. சென்னை போகிறவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளையும் ஆயுதங்களையும் நேரில் பார்க்கலாம். துணியின் நிறம் அச்சுப் படத்தில் ஒரு மாதிரியும் கண்ணுக்கு ஒரு மாதிரியும் இருக்கும்.

16. முகம். கடையில் விற்கும் 'சதை நிறம்' டப்பாவை இந்தப் படைக்குத் திறக்கவே வேண்டாம். பர்ன்ட் அம்பரும் யெல்லோ ஆக்கரும் சம அளவு, பர்ன்ட் சியன்னா கொஞ்சம் — இதுதான் நம் அடிநிறம். பலரும் இங்கே ஒரு காரியம் செய்வார்கள்: மேடான இடங்களை வெளுப்பாக்க வெள்ளையைக் கலப்பார்கள். முகம் சாம்பல் பூத்து நோயாளி போலாகிவிடும். வெள்ளைக்குப் பதில் யெல்லோ ஆக்கரையும் துளி ஆரஞ்சையும் சேர்த்து மூக்குத்தண்டு, கன்னமேடு, புறங்கை ஆகியவற்றில் வையுங்கள். நிழலுக்குக் கறுப்பு கூடாது. அடிநிறத்தில் அடர்நீலம் ஒரு சொட்டு கலந்து தண்ணீராக்கி, கண்குழியிலும் தலைப்பாகை விளிம்பின் கீழும் ஓடவிடுங்கள். தோல் உயிரோடு நிற்கும்.

எல்லா முகத்தையும் ஒரே நிறத்தில் முடிக்காதீர்கள். அடிநிறத்தை மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் அம்பரைக் கூட்டி, ஒன்றில் ஆக்கரைக் கூட்டி, ஒன்றை அப்படியே விட்டு, வரிசை மாற்றி மாற்றிப் பூசுங்கள். ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து 1780-களில் கம்பெனிக்கு மாறியதுதான் இந்தப் படையின் தொடக்கம். அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுப் பகுதியின் முஸ்லிம் குடும்பத்தினர் அதில் மிகுதி. கோட்டைக்குள் இருந்த காலாட்சிப்பாய்களும் இதே மண்ணின் ஆட்கள். அதனால் கோட்டைச் சிப்பாய்க்கும் அவனை அடக்க வந்த குதிரைச் சிப்பாய்க்கும் அதே மூன்று கிண்ணத்திலிருந்தே வண்ணம் எடுங்கள். மேசையில் இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்கும்போது அது தானாகத் தெரியும். தெரிய வேண்டும்.

17. கண்ணுக்குத் தூய வெள்ளை வைத்தால் முழித்துப் பார்க்கும். பழுப்பு கலந்த வெள்ளையில் ஒரு கோடு, நடுவில் கரும்பழுப்புப் புள்ளி. சின்ன அளவுப் பொம்மைக்குக் கண்ணே வேண்டாம், நிழல் போதும்.

18. குதிரை நிறத்துக்கு எண்ணெய் வண்ணம்தான் சிறந்தது. முதலில் வெளிர்பழுப்பு அக்ரிலிக்கில் முழுக்குதிரையையும் பூசிக் காயவையுங்கள். பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தை மேலே அப்பி, கால்மணி கழித்துப் பழைய பனியன் துணியால் துடையுங்கள். தசை மேடுகளில் வெளுப்பும் குழிகளில் அடர்த்தியும் தானே நிற்கும், ஒரு பிரஷ் வேலையும் இல்லாமல். இது காய மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்தக் குதிரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்களைப் பூசிக்கொண்டிருங்கள்.

பழுப்புக் குதிரை என்றால் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழ் எல்லாம் கறுப்பாக இருப்பது ஒரு வகை. உடம்பும் பிடரியும் ஒரே செம்பழுப்பாக இருப்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்து வையுங்கள். வெள்ளைக் குதிரைக்கு மூக்கும் கண்சுற்றும் கரும்சாம்பல். பிறவியில் கறுத்து, வயதாக வயதாக வெளுக்கிற வகை அது, தோல் உள்ளே கறுப்புதான். வெள்ளைக் காலுக்குக் குளம்பு வெளிர்மஞ்சள், கறுத்த காலுக்குக் கறுத்த குளம்பு.

19. படைத்தலைவன் குதிரைக்கு நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை வையுங்கள். பஞ்சகல்யாணி என்று நம் முன்னோர் உயர்வாகச் சொன்ன குதிரை அது. கூட்டத்தில் தலைவன் எங்கே என்று தேட வேண்டியிருக்காது. மற்றவற்றுக்கு நெற்றியில் ஒரு சுட்டி, ஒரு கால் வெள்ளை என்று அளவோடு வையுங்கள்.

20. அடித்தளத்துக்குத் தேயிலை. குடித்த தேயிலைச் சக்கையைக் கழுவி, இரும்புச் சட்டியில் மிதமான சூட்டில் நன்றாக வறுத்து ஈரம் போக்குங்கள். அரைகுறையாக விட்டால் ஒரு மழைக்குள் பூசணம் பிடிக்கும். பெவிகால் தடவி, சலித்த மணலை முதலில் தூவி, காய்ந்தபின் ஆங்காங்கே தேயிலையைச் சிந்துங்கள். மரத்தடிச் சருகு என்றே தோன்றும். ஒரு விஷயம்: நம் மலைப் பச்சையை அப்படியே பொம்மை காலடியில் பூசிவிடாதீர்கள். ஆர்க்காடு பாலாற்றங்கரை, ஜூலையில் காய்ந்து வெளிறிய மண். மணல் நிறமும் செங்கல் தூளும் கலந்து, குதிரை முழங்கால்வரை உலர்ந்த பிரஷால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஆர்க்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர், அந்தப் புழுதி அவர்கள் காலில் இருந்தாக வேண்டும்.

21. பிரஷைத் தண்ணீரில் நிறுத்தி வைக்காதீர்கள். குளியல் சோப்பில் கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

22. வார்னிஷ் அக்ரிலிக்காகவும் மங்கலாகவும் இருக்கட்டும், பிரஷால் இரண்டு மெல்லிய பூச்சு. வாளுக்கும் கடிவாள இரும்புக்கும் மட்டும் பளபளப்பு. இரும்பு ஊசி வைத்த இடங்களில் வார்னிஷ் விட்டுப்போனால் அடுத்த மழைக்குள் துரு வெளியே வந்து கறைப்படுத்தும்.

23. ஆட்டத்துக்கு ஓர் அமைப்பு, வேலூர் 1806: கோட்டைச் சுவர், அகழி, ஒரே வாசல். பிரிட்டிஷ் அதிகாரி ரோலோ கில்லெஸ்பி ஆர்க்காட்டிலிருந்து 19ஆம் டிராகூன்களோடும் 7ஆம் மதராஸ் குதிரைப்படையின் சிப்பாய்களோடும் காலையில் வந்து சேர்கிறார். குதிரையால் சுவர் ஏற முடியாது. கில்லெஸ்பி கயிறு பிடித்து மதில் மேல் ஏறி, உள்ளே மிஞ்சியிருந்த பிரிட்டிஷ் 69ஆம் படைப்பிரிவினரோடு சேர்ந்தார். குதிரைகள் இழுத்து வரும் இலேசான கேலப்பர் பீரங்கிகள் வந்து வாசலைத் தகர்த்த பிறகே படை உள்ளே பாய்ந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆட்டத்தில் பீரங்கி வரும் நேரத்தைப் பகடை போட்டு முடிவு செய்யுங்கள். கோட்டைப் பக்கம் விளையாடுகிறவர் அதற்குள் மதிலைப் பலப்படுத்த முடிந்தால் ஜெயிக்க வழி உண்டு. பீரங்கிக்கு ஐஸ் குச்சியில் சட்டம், சட்டைப் பொத்தானில் சக்கரம், காலி பேனா ரீபிலில் குழல்.

24. எடுத்துப்போக: உடைந்த ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கும். அதை வெட்டிப் பொம்மையின் அடியில் ஒட்டி, பிஸ்கட் டின்னில் நிறுத்துங்கள். பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில்கூட அசையாது. மூடிக்குள் பழைய செருப்புப் பெட்டி, பை இவற்றில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நாலைந்து போடுங்கள். கோடையில் அந்தப் பொட்டலங்களை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

25. அடித்தளத்தின் கீழ்ப்பக்கத்தில் பென்சிலால் படைப்பிரிவு, ஆண்டு, கலந்த வண்ணங்களின் அளவு மூன்றையும் எழுதி, மேலே ஒரு சொட்டு வார்னிஷ் வையுங்கள். ஒரு வருடம் கழித்து இன்னும் நாலு குதிரை சேர்க்க நினைக்கும்போது தேட வேண்டியதில்லை.